படுத்துக்கொண்டே வந்த அரை அங்குலம்

தம்பி மார்க்கோவை எழுப்பும்போதே அவன் தோள் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பழக்க தோஷத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவானோ என்று பயம். அப்பா கால்பக்கமும் நான் தலைப்பக்கமுமாக, மெத்தையோடு அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். எதிர்வீட்டு ஓரெஸ்ட் பனி வாரிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

"அடக்கம் எங்கப்பா?"

"ரெஜைனாவுல, ரெண்டு மணிக்கு" என்றார் அப்பா, மூச்சு வாங்க. மெத்தைமேல் கிடந்தவன் சிரித்தான். "சிரிக்காதடா, அமுங்கிடும்" என்று அதட்டினேன்.

விஷயம் இதுதான். மனிதன் தூங்கி எழும்போது கொஞ்சம் உயரமாக இருப்பானாம். நிற்க நிற்க, நடக்க நடக்க, முதுகெலும்பு அமுங்கிக் குறைந்துவிடுவானாம். மார்க்கோவின் ஐஸ் ஹாக்கிப் பயிற்சியாளர் சொன்னதை நாங்கள் நம்பவில்லை. சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு ஒரு வாரம் பார்த்தோம். எழுந்ததும் ஐந்தடி எட்டு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரும்போது ஐந்தடி ஏழரை. அவன் அணி அச்சடித்த தாளில் ஐந்தடி ஒன்பது என்று இருக்கும். ஆளுக்கு ஓர் அங்குலம் தர்மம் செய்வது எல்லா அணிக்கும் வழக்கம்தான், அதை யாரும் நம்புவதில்லை. ரெஜைனா நகரத் தேர்வு முகாமில் காலுறையோடு சுவரில் நிறுத்தி அளப்பார்கள். அங்கே தர்மம் கிடையாது.

பெரிய அணி ஒன்றுக்கு ஆள் பார்த்துக் கொடுக்கும் ராட்கே, போன மாதம் எங்கள் வீட்டில் முட்டைக்கோஸ் சுருளை மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார். "பையன் கையில வித்தை இருக்கு. ஆனா எட்டுக்குக் கீழ இருந்தா அவன் பேர நான் எடுத்தாலே சிரிப்பாங்க. எட்டுன்னா சண்டையாவது போடுவேன்."

அப்பா ஆறடி ஒன்று. நான் ஐந்தடி பதினொன்று. எனக்கு எதற்கு அத்தனை உயரம்? பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். அவனுக்கு வர வேண்டியதையும் சேர்த்து நான் முன்னாலேயே தின்றுவிட்டேன் என்று அத்தை சொல்வாள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் எனக்கு வலிக்கும்.

மெத்தையை வேனின் பின்பக்கம் ஏற்றிவிட்டு அப்பா சுரங்க வேலைக்குப் போய்விட்டார். நான்கு மணி நேரப் பாதை, நாங்கள் இரண்டு பேர். வெளியே மைனஸ் முப்பது. வயலும் வானமும் ஒரே வெள்ளை. சாலை எது என்று மின்கம்பங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியின் வெப்பக்காற்றில் கண் சொக்கியது. பின்னால் படுத்திருந்தவனுக்குக் கம்பங்களின் தலை மட்டும்தான் தெரியும்.

"அக்கா, இப்படிப் படுத்துட்டுப் பாத்தா நாம போற மாதிரியே இல்ல. கம்பந்தான் நம்மள எண்ணிட்டுப் போகுது."

"தூங்குடா. தூங்குனா வளரும்."

"பதினேழு வருஷமா தூங்குறேன்."

பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னான். "பெரிய ஆளுங்க எதிராளி மூஞ்சியப் பாத்து ஆடுறாங்க. மூஞ்சி ஏமாத்தும். எனக்கு இடுப்புதான் தெரியுது. இடுப்பு எந்தப் பக்கம் திரும்புதோ, அவன் அந்தப் பக்கந்தான் போவான். அவன் போறதுக்கு முன்னாடி நான் போயிடுவேன்." இதை ராட்கேயிடம் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. ஆனால் சுவரில் இருக்கும் அளவுகோலுக்குக் காது ஏது?

பாதி தூரம் தாண்டியிருப்போம். வலப்புறப் பள்ளத்தில் ஒரு கார் சாய்ந்து கிடந்தது. விளக்கு விட்டு விட்டு எரிந்தது. உள்ளே ஒரு பெண், பின்னால் குழந்தை இருக்கை. இந்தக் குளிரில் பள்ளத்தில் கிடக்கும் வண்டியைத் தாண்டிப் போகிறவரை எங்கள் பக்கத்தில் மனிதராகவே மதிப்பதில்லை. நான் தாண்டிப் போனேன். பின்னால் யாராவது வருவார்கள் என்று சொல்லிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை.

"அக்கா, கூரையில மஞ்ச வெளிச்சம் வந்து வந்து போச்சே, என்னது?"

"சூரியன்."

"சூரியன் கண்ணடிக்குமா?"

கண்ணாடியை மறுபடி பார்த்தேன். சாலை காலியாகத்தான் இருந்தது.

"உள்ள எத்தன பேரு?"

"ஒரு பொம்பள. ஒரு குழந்தையும் இருக்குன்னு நெனைக்கிறேன்."

"திருப்பு."

"நீ எந்திரிக்காத. நான் போய்த் தள்ளுறேன்."

"நீ பஸ்ஸ ஓட்டுறவ. தள்ளுறவ இல்ல. திருப்புக்கா."

திருப்பினேன். அவன் எழுந்து உட்கார்ந்தான். அவ்வளவு சாதாரணமாக உட்கார்ந்ததைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. குழந்தையை எங்கள் வேனுக்குள் கிடத்தினோம், அவன் மெத்தையிலேயே. அந்தப் பெண் ஸ்டீரிங்கைப் பிடிக்க, நாங்கள் சக்கரத்தடியில் பனியை வெட்டி, தோள் கொடுத்துத் தள்ளினோம். முக்கால் மணி நேரம். ஒவ்வொரு தள்ளலுக்கும் அவன் முதுகு சின்னதாவதை நான் கேட்டதுபோல் இருந்தது. கார் மேலே ஏறியதும் முழங்கால் பனியில் நின்று கையைத் தூக்கிக் கத்தினான், கோல் போட்டவன்போல.

குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, முன் இருக்கையில் வந்து உட்கார்ந்து, என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான்.

ரெஜைனாவில் அளந்த பெண்மணி சத்தமாகவே வாசித்தாள். "ஐந்து, ஏழரை." ராட்கே தன் தாளில் எதையோ எழுதினார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. "வழியில ஒரு கார்..." என்று நான் வாயெடுத்தேன். மார்க்கோ என் கையைப் பிடித்து அழுத்தினான்.

ஆட்டம் தொடங்கியது. மேல்வரிசையிலிருந்து பார்க்க மனம் கேட்கவில்லை. இறங்கிப் போய்த் தடுப்புக் கண்ணாடியோடு ஒட்டி நின்றேன். சறுக்குக் காலணிகள் பனித்தளத்தைக் கீறும் சத்தம் காலடியில் அதிர்ந்தது. அவன் எங்கே என்றே தெரியவில்லை, எல்லாம் தோள்களாக இருந்தது.

"யம்மா, கொஞ்சம் குனி. பையன மறைக்குற."

திரும்பினேன். ராட்கே. கையில் தாள், காதில் பென்சில். என்னைப் பார்க்காமல், என்னைத் தாண்டிப் பனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டியிட்டேன். பதினொன்றிலிருந்து ஏழரைக்கு, அதற்கும் கீழே. தோள்கள் மறைந்துபோயின. இப்போது இடுப்புகள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே கதவுகள்போல் இடைவெளிகள் திறந்து திறந்து மூடின. பெரியவன் ஒருவனுடைய இடுப்பு இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் ஒரு வெள்ளை இடம் பிறந்தது. அங்கே யாரும் இல்லை. பிறகு மார்க்கோ இருந்தான்.