நாலாவது கட்டத்து விருந்தாளிகள்

தூத்துக்குடியில் கிட்டார் பழகுகிறவர்கள் சரியாக வாசித்த ஸ்வரம் ஜன்னல் வழியாகக் கடல் பக்கம் போய்விடும். தப்பாக வாசித்த ஸ்வரம் வீட்டிலேயே தங்கிவிடும். அது பிறந்த இடத்திலேயே அதே ஆள் அதைச் சரியாக வாசிக்கும்வரை அது கிளம்பாது.

சின்னப் பிள்ளைகள் பழகும் வீடுகளில் இதனால் பெரிய தொந்தரவு கிடையாது. பிள்ளைகளின் அபஸ்வரங்கள் கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். பென்சில் டப்பாவில் படுத்துக்கொள்ளும். பெரியவர்கள் பழகினால் அபஸ்வரங்களும் பெரிய ஆட்களாகவே வரும். அவற்றுக்கு நாற்காலி வேண்டும். காலையில் பேப்பர் வேண்டும். மின்விசிறிக்கு நேர் கீழே யார் உட்காருவது என்று தங்களுக்குள் முறைத்துக்கொள்ளும்.

சுயம்புலிங்கம் கிட்டார் வாங்கியபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. உப்பு லாரிகளை எடை போடும் மேடையில் அவர் மேற்பார்வையாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சலூனில் அவருக்குப் பாதி முகம் மழித்திருந்த நேரத்தில், ரேடியோவில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் கிட்டாரோடு சேர்ந்து எதையோ சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். சலூன்காரர் கத்தியைக் காற்றில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"இதுக்கு ப்ளூஸ்னு பேரு அண்ணாச்சி" என்றார், பாட்டு முடிந்ததும்.

சுயம்புலிங்கம் மீதி முகத்தையும் மழித்துக்கொண்டு நேராகப் போய் ஒரு கிட்டார் வாங்கினார்.

பெரியவர்கள் பழகுவதில் உள்ள கஷ்டங்கள் எல்லாம் அவருக்கும் வந்தன. விரல் நுனிகள் முதலில் சிவந்தன, பிறகு உரிந்தன, பிறகு செருப்புத் தோல் போல ஆயின. சுண்டுவிரல், ஓய்வுபெற்ற அதிகாரியைப் போல எந்த வேலைக்கும் வர மறுத்தது. ஆனாலும் ஒவ்வொரு கட்டமாகப் பிடிபட்டது. ப்ளூஸில் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு கட்டங்கள். மற்ற கட்டங்களில் வந்த அபஸ்வரங்கள் எல்லாம் அவர் மனைவி கோமதி பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த நேரத்திலேயே வந்து, அந்த நேரத்திலேயே போய்விட்டன. நாலாவது கட்டம்தான் நின்றுகொண்டது.

அந்தக் கட்டத்தில் ஒரு கம்பியை விரலால் அழுத்தியபடியே மேலே தள்ள வேண்டும். ஸ்வரம் ஒரு வீட்டிலிருந்து புறப்பட்டு அடுத்த வீட்டுக்குப் போகாமல், நடுத்தெருவில் ஓர் இடத்தில் போய் நிற்க வேண்டும். சுயம்புலிங்கம் தள்ளினால் அது வாசல்படியிலேயே நின்றுவிடும். தள்ளத் தள்ள ஒவ்வோர் அபஸ்வரமாக வந்து உட்கார்ந்தது. எல்லாம் ஒரே ஜாடை. எவ்வளவு குறைந்ததோ அந்த அளவுக்கு உயரத்தில் மட்டும் வித்தியாசம். எடைமேடையில் இருந்து பழகியவர் என்பதால், வந்து நிற்பதைப் பார்த்ததுமே எவ்வளவு குறைவு என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

கோமதி அவற்றுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்தவர்களைச் சும்மா உட்கார வைக்கும் பழக்கம் அவள் பிறந்த வீட்டில் இல்லை. குட்டையாக இருந்த ஒன்றுக்குச் சட்டையில் பித்தான் அறுந்திருந்தது. அதையும் தைத்துக் கொடுத்தாள். ஆனால் கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் போன அன்று, கணவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கோயம்புத்தூர்ல இருந்து அண்ணன் வாராவ" என்றாள். "முதுகு புடிச்சிக்கிட்டிருக்கு. டாக்டரு தரையிலதான் நீட்டிப் படுக்கணும்னு சொல்லியிருக்காரு. நீங்களே சொல்லுங்க, எந்தத் தரையில?"

சுயம்புலிங்கம் கூடத்தைப் பார்த்தார். அபஸ்வரங்கள் மரியாதையாகக் கால்களை மடக்கிக்கொண்டன. அப்படியும் தரை தெரியவில்லை.

"அண்ணன் வாரதுக்குள்ள இவுக கிளம்பணும். இல்லன்னா கிட்டாரு கிளம்பணும்."

அவர் கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளின் காய்ப்பை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டார். இப்போதெல்லாம் சூடான டம்ளரைப் பிடித்தால் அந்த விரல்களுக்குச் சுடுவதில்லை. அதற்கே எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்.

மறுநாள் ஜெனோவா டீச்சரிடம் போனார். ஜெனோவா அவரைவிட மிகவும் இளையவள். துறைமுகம் போகும் சாலையில் மாடி அறையில் கிட்டார் சொல்லிக்கொடுத்தாள். அவளிடமும் அபஸ்வரம் ஒன்று இருந்தது. மூலையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தது.

"இது ஏன் டீச்சர் இன்னும் போகல?"

"காலேஜ்ல மேடையில வாசிக்கையில வந்தது சார். மேடையையே இடிச்சிட்டாங்க. அது எங்க போகும்?" என்றாள் ஜெனோவா. "நீங்க வாசிங்க."

அவர் வாசித்தார். நாலாவது கட்டத்தில் கம்பியைத் தள்ளினார். அந்த அறையிலும் ஓர் அபஸ்வரம் வந்தது. இடம் புதிது என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது.

"குறையுது சார்."

"கைக்கு வலு பத்தலையோ?"

"வலு இருக்கு. நீங்க துக்கப்படுதீங்க. மூஞ்சியப் பாருங்க, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி. ப்ளூஸ்ன்னா துக்கம் இல்ல சார், குறை சொல்லுறது. மொத வரியில ஒரு குறையச் சொல்லணும். ரெண்டாவது வரியில அதையே திருப்பிச் சொல்லணும். மூணாவது வரியில அதுக்கு ஒரு பதில் வைக்கணும். அவ்வளவுதான்."

"எனக்குக் குறைன்னு பெருசா ஒண்ணும் இல்லையே டீச்சர்."

"அப்ப வேற யாருகிட்டயாவது கேட்டு வாங்கிக்கிடுங்க" என்றாள். அவர் படியிறங்கும்போது மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள். "சார்! ஒண்ணு மறந்துட்டேன். அதுங்க கிளம்புத நேரத்துல வீட்டுல யாரும் வாயத் தொறக்கப்படாது. செவத்தப் பாத்துக்கிட்டு நின்னுரணும். வீட்டுலயும் சொல்லி வைங்க."

சுயம்புலிங்கம் வீட்டில் சொல்லி வைத்தார். "எனக்கென்ன பேச்சு அவுககிட்ட" என்றாள் கோமதி, எல்லாவற்றுக்கும் தோசை ஊற்றிக்கொண்டே.

அண்ணன் மறுநாள் காலை ரயிலில் வருவதாக இருந்தார். அன்று சுயம்புலிங்கம் லீவு போட்டுவிட்டு, சமையலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கூடத்தில் உட்கார இடம் கிடையாது. தள்ளினார். குறைந்தது. புதிதாக வந்தது கூடத்தைப் பார்த்துவிட்டு, ஜன்னல் திண்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அப்போது கொல்லைப்பக்கத்திலிருந்து கோமதி வந்தாள். கையில் காலி வாளி.

"மோட்டாரு ஓடுது, தொட்டியில தண்ணி ஏறல" என்றாள்.

சுயம்புலிங்கத்தின் கை கம்பியின் மேல் நின்றது.

"காலையில இருந்து சொல்லுதேன், மோட்டாரு ஓடுது, தொட்டியில தண்ணி ஏறல."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நீங்க அந்தக் கட்டையக் கட்டிப்புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா, அதுவா ஏறிக்கிடுமா?"

"இன்னொரு தடவ சொல்லு" என்றார் சுயம்புலிங்கம்.

"என்னது?"

"மோட்டாரு. மொதல்ல இருந்து சொல்லு."

கோமதி வாளியைக் கீழே வைத்தாள். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்வதில் அவளுக்கு எப்போதும் தயக்கம் இருந்ததில்லை. "மோட்டாரு ஓடுது..." என்று ஆரம்பித்தாள். அவர் கூடவே வாசித்தார். முதல் கட்டம் போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவதில் அவள் "ஏறல" என்று இழுத்து, அந்த "ல"வைக் கீழேயும் வைக்காமல் மேலேயும் ஏற்றாமல் நடுவில் தொங்கவிட்டுவிட்டு மூச்சு வாங்கினாள். நாலாவது கட்டம் காலியாக இருந்தது. அவள் விட்ட இடத்துக்கு அவர் கம்பியைத் தள்ளினார். வீட்டைத் தாண்டி, வாசல்படியைத் தாண்டி, சரியாக நடுத்தெருவில் போய் நின்றது.

கூடத்தில் எல்லாரும் எழுந்தார்கள்.

பேப்பரை மடித்து வைத்தார்கள். வேட்டியை உதறிக் கட்டினார்கள். டம்ளர்களைச் சமையலறை மேடையில் வரிசையாக வைத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து கோமதியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். சுயம்புலிங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோமதியும் சுவரைத்தான் பார்த்தாள். கடைசியாக அந்தக் குட்டை அபஸ்வரம், அவள் தைத்துக் கொடுத்த பித்தானைப் போட்டுக்கொண்டு வந்து கும்பிட்டது.

"போயிட்டு வாங்க" என்றாள் கோமதி. "எல்லாரும் போயிட்டு வாங்க."

சுயம்புலிங்கம் திரும்பிப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"எப்பிடிங்க சும்மா நிக்க? வீட்டுப் படி இறங்குதவுககிட்ட!" என்றாள் விரல்களுக்கு இடையிலிருந்து.

அவர்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். போனார்கள். மறுநாள் காலையில் வந்தார்கள். அடிக்கடி வந்துபோகும் வீடு என்று ஆகிவிட்டதால், இந்த முறை குடும்பத்தோடு வந்தார்கள். அபஸ்வரங்களின் மனைவிமார் பூ வாங்கி வந்திருந்தார்கள். குட்டை அபஸ்வரத்தின் மாமியார் வந்ததும் வராததுமாக மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தார்.

அவர்களுக்குப் பின்னாலேயே, இடுப்பில் பெல்ட்டோடு, கோமதியின் அண்ணன் பால்வண்ணன் ஆட்டோவில் வந்து இறங்கினார். வாசலில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"யாரு மாப்ள, கிட்டாரா?"

"ஆமா அத்தான்."

"எங்க தெருவுல ஒருத்தரு நாதஸ்வரம் பழகுதாரு. தெருவுக்குள்ள ஆட்டோ வராது" என்றார் பால்வண்ணன். "நான் எங்க படுக்க?"

சுயம்புலிங்கம் மறுபடி ஒருமுறை நாலாவது கட்டத்தைச் சரியாக வாசித்துப் பார்த்தார். விருந்தாளிகள் தலையாட்டி ரசித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. முன்பு அவர்கள் மாட்டிக்கொண்டு இருந்தவர்கள். இப்போது அழைக்கப்பட்டு வந்தவர்கள்.

கோமதி கணவரைப் பார்த்தாள். அவர் யாரும் கேட்காமலே கிட்டாரை எடுத்தார். துணியால் துடைத்தார். உறைக்குள் வைத்து ஜிப்பை மூடினார். மூடும்போது ஒரு கம்பி உள்ளிருந்து மெல்ல ஒலித்தது. வாசற்படியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வழக்கப்படி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். காய்த்த விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தார்.

கிட்டார் ஒரு படி இறங்கியது. இன்னொரு படி இறங்கியது.

கோமதி சுவரைப் பார்க்கவில்லை. கணவரின் பிடரியைப் பார்த்தாள். கிட்டாரைப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் ஏறாத தொட்டிக்காக மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று அந்தக் குறையை அவள் சொன்னபோது ஒருவர் "இன்னொரு தடவ சொல்லு" என்று கேட்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"போயிட்டு வா" என்றாள்.

இந்த முறை வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

கிட்டார் பஸ் நிறுத்தம் பக்கம் போனது. அது போவதைப் பார்த்ததும் அபஸ்வரங்கள் தங்கள் குடும்பங்களை எழுப்பிக்கொண்டு பின்னாலேயே கிளம்பின. வாத்தியம் இல்லாத வீட்டில் தங்குவது அவர்களுக்கு முறையல்ல. மாமியார் மட்டும் மின்விசிறியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். கோமதி உதட்டைக் கடித்துக்கொண்டு, கை மட்டும் அசைத்தாள். பால்வண்ணன் கூடத்தில் நீட்டிப் படுத்து, அந்த வாரம் முழுவதும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுயம்புலிங்கம் வேலைக்குப் போனார், வந்தார். மாலையில் முக்காலியைப் போட்டுச் சும்மா உட்கார்ந்தார். இடது கை விரல்கள் சட்டைப் பித்தான்களின் மேல் நாலாவது கட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. விரல் நுனிகள் மறுபடி மிருதுவாக ஆகிவிடுமோ என்று பயந்து, சூடான டம்ளராகவே பார்த்து வாங்கிக் குடித்தார்.

முதுகு நிமிர்ந்து பால்வண்ணன் ஊருக்குப் புறப்பட்ட அன்று, அவரிடமும் கோமதி "போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினாள். அவர் ஏறிய ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள், எதிரே ஒரு ரிக்‌ஷாவில் கிட்டார் வந்து இறங்கியது. கொஞ்சம் இளைத்திருந்தது. பக்கத்தில், முழங்கை நீளத்தில், ஒரு சின்ன உறை.

எங்கே போயிருந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. தாய்வீட்டிலிருந்து வருகிறவர்களிடம் அதைக் கேட்கும் வழக்கம் இல்லை. கோமதி படியிலேயே நிறுத்தி ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்தாள். பிறகு சின்ன உறையின் ஜிப்பைத் திறந்து பார்த்தாள். உள்ளே நாலே நாலு கம்பிகளோடு ஒரு குட்டிக் கிட்டார் கண்ணயர்ந்து கிடந்தது.

"நெத்தி அப்படியே உங்க ஜாடை" என்றாள் கணவரிடம்.

பழைய நூல் சேலை ஒன்றை எடுத்து உத்தரத்துக் கொக்கியில் தூளி கட்டினாள். உள்ளே போட்டு ஆட்டினாள். குட்டி விழித்துக்கொண்டு சிணுங்கியது. எல்லாமே அபஸ்வரம்தான். கொண்டைக்கடலை அளவில் தூளியிலிருந்து உதிர்ந்து, கட்டிலுக்கு அடியில் உருண்டு போயின.

"தூங்க மாட்டேங்குது" என்றாள் கோமதி.

சுயம்புலிங்கம் முக்காலியை இழுத்துப் போட்டார்.

"சொல்லுதேன்ல, தூங்க மாட்டேங்குது."

அவர் கிட்டாரை மடியில் எடுத்து வைத்தார்.

"அந்த நாலாவது கட்டத்தக் கொஞ்சம் மெதுவா வாசிங்க."