வலித்தால் இடது கை

இருபத்தாறு வருடமாக நான் எந்த விவாதத்திலும் தோற்றதில்லை. இதில் என் அறிவுக்குப் பெரிய பங்கு கிடையாது. நான் பல் டாக்டர். என்னோடு விவாதிக்கிறவர்கள் எல்லோரும் மல்லாந்து படுத்திருப்பார்கள். அவர்கள் வாயில் பஞ்சு இருக்கும், எச்சில் உறிஞ்சும் குழாய் இருக்கும், என் இரண்டு கையும் இருக்கும். மறுத்துப் பேச அங்கே இடமிருக்காது.

நாற்காலிக்கு நேர் மேலே கூரையில் ஒரு டிவி மாட்டியிருக்கிறேன். படுத்திருக்கிறவரின் கவனம் ஊசியிலிருந்து கொஞ்சம் விலகட்டும் என்பதற்காக. சத்தம் வைப்பதில்லை. சத்தம் என் இலாகா. காலையில் படம், மதியம் சீரியல், சாயங்காலம் செய்தி, இடையில் எங்காவது ஒரு ஃபுட்பால் மேட்ச். பல் குடைகிற நேரத்தில் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், எனக்குக் கருத்து வந்துவிடும்.

இப்போது வருகிற படங்களைப் பற்றி எனக்கு ஒரே ஒரு புகார்தான். நாற்பது பேர் சேர்ந்து ஹீரோவின் தாடையிலேயே குத்துகிறார்கள். உதட்டோரம் ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். அடுத்த காட்சி பாட்டு. முப்பத்திரண்டும் பளிச்சென்று இருக்கிறது. அந்தத் தாடைக்கு நியாயமாகப் பார்த்தால் ஆறு மாத வைத்தியம் பாக்கி. ஏதாவது ஒரு படத்தில் ஹீரோ இடைவேளைக்குப் பிறகு பொக்கை வாயோடு வந்து பழி வாங்கட்டும், முதல் நாள் முதல் காட்சிக்கு நான் போகிறேன்.

சீரியலில் ஒரு மாமியார் ஆறு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறாள். கடைவாய்ப்பல் இந்நேரம் தேய்ந்து தரைமட்டமாகியிருக்கும். மருமகள் ஒழிவதற்கு முன் இவள் பல் ஒழிந்துவிடும். அதை அவளுக்கு எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் ஒரு ஆள் இல்லை.

அரசியலில் கொள்கையெல்லாம் எனக்குப் புரியாது, பல் புரியும். போன தேர்தலில் எங்கள் தொகுதிக்காரர் ஒரு கோணல் பல்லோடுதான் போஸ்டரில் கும்பிட்டார். ஜெயித்து இரண்டு வருடம் ஆகவில்லை, மேல் வரிசை முழுக்கப் பீங்கான். தொகுதியில் நடந்த ஒரே வளர்ச்சிப் பணி அதுதான். செய்தி சேனலில் ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்களே, ஆளுக்கு இரண்டு பஞ்சுருண்டை கொடுத்து உட்கார வைத்தால் நாடு உருப்படும் என்பது என் தாழ்மையான யோசனை. ஃபுட்பால்காரர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முழங்காலில் பட்டால் முகத்தைப் பிடித்துக்கொண்டு உருள்கிறான். என்னிடம் வேர் வரைக்கும் பல் பிடுங்கிக்கொண்ட அம்மா ஒருத்தர் எழுந்து பஸ் பிடித்துப் போகிறார், இவனுக்கு ஸ்ட்ரெச்சர் வேண்டுமாம்.

வீட்டில் இவ்வளவு பேச முடியாது. என் மனைவிக்கு வாய் திறந்திருந்தாலும் பேச வரும்.

இவ்வளவு பேசினாலும் எனக்கு ஒரு விதி உண்டு. தொடங்குவதற்கு முன் எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். "வலிச்சா இடது கையைத் தூக்குங்க. அந்த நிமிஷமே நிறுத்திடுவேன்." நான் உட்காருவது வலது பக்கம் என்பதால் இடது கை. இருபத்தாறு வருடமாக அந்த வாக்கைக் காப்பாற்றி வந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எதிரில் உட்கார்ந்து குழாயைப் பிடித்துக்கொள்கிற சிஸ்டர் என்னிடம் பதினாலு வருடமாக வேலை பார்க்கிறார். அவருக்குக் கருத்தே கிடையாது. "என்ன சிஸ்டர், நான் சொல்றது சரிதானே?" என்று கேட்டால், "தண்ணி அடிக்கவா டாக்டர்?" என்பார்.

என்னோடு சரிசமமாகச் சண்டை போடுகிற ஆள் ஊரில் ஒருத்தன்தான். விசில். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. வாரநாளில் குடிநீர் அலுவலகத்தில் கிளார்க், ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் ஃபுட்பால் மேட்ச்களுக்கு ரெஃப்ரி, அதனால் அந்தப் பெயர். சாயங்காலம் அலுவலகம் விட்டு வரும்போது என் கிளினிக்கில் நுழைந்து, காத்திருக்கிறவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்துகொள்வான். நான் உள்ளே ஒரு கருத்தைச் சொன்னால் வெளியிலிருந்து கதவு வழியாக எதிர்க்கருத்து வரும். நடுவில் படுத்திருக்கிறவர் பாவம், இரண்டு பக்கமும் கண்ணை உருட்டிக்கொண்டிருப்பார். பெஞ்சு வரைக்கும்தான் விசில் வருவான். நாற்காலி என்றால் அவனுக்கு உயிர் போகும். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட எனக்கு வாயைக் காட்டியதில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் படம், சீரியல், கட்சி என்று எதில் தகராறு தொடங்கினாலும் கடைசியில் போய் நிற்பது ஒரே இடத்தில்தான். பதினோரு வருடத்துக்கு முன் டாக்டர்கள் அணிக்கும் குடிநீர் அலுவலக அணிக்கும் இறுதி ஆட்டம். நான் தடுப்பாட்டக்காரன், அவன் ரெஃப்ரி. கடைசி நிமிடத்தில் வந்த பந்து என் இடது கையில் பட்டது. கை உடம்போடு ஒட்டித்தான் இருந்தது. இவன் விசிலை ஊதி, கையைத் தூக்கிப் பந்தைத் தடுத்தேன் என்று பெனால்டி கொடுத்தான். தோற்றோம். சொந்த அலுவலகத்துக்காக ஊதினான் என்று நானும், கண்ணால் பார்த்ததைத்தான் ஊதினேன் என்று அவனும் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை அவன் பெஞ்சில் உட்காரவில்லை. நேராக உள்ளே வந்தான். வலது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

"டேய், வலிக்காதுல்ல?" என்றான்.

"வலிச்சா இடது கையைத் தூக்கு," என்றேன்.

கீழ்க் கடைவாய்ப்பல்லின் வேரில் சீழ் பிடித்திருந்தது. திறந்து, சுத்தம் செய்து, வேரை அடைக்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டேன். சீழ் பிடித்த பல்லில் அந்த ஊசி சரியாக வேலை செய்யாது என்பது முதல் வருட மாணவனுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சமயம் என் மனம் முழுக்க வேறு சந்தோஷத்தில் இருந்தது. பதினோரு வருடத்தில் முதல் முறையாக விசிலின் வாய் என் கையில்.

மெஷினை ஓடவிட்டு, முதல் பாதியிலிருந்து ஆரம்பித்தேன். பந்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, சூரியன் எங்கே இருந்தது, அவன் எத்தனை அடி தள்ளி நின்றான், எல்லாவற்றையும் வரிசையாக. "கை ஒட்டித்தான் இருந்துச்சு" என்று சொன்னபோது அவன் இடது கை மேலே வந்தது.

"கீழ போடுடா. இங்க நீ ரெஃப்ரி இல்ல," என்றேன்.

மறுபடியும் தூக்கினான். "எனக்குத் தெரியும், ஒத்துக்க மாட்ட. முழுசாக் கேளு." மூன்றாவது முறை தூக்கிய கை நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்றுதான் நினைத்தேன்.

"டாக்டர்," என்றார் சிஸ்டர். "இடது கை."

நிறுத்தினேன். அவன் கண்ணிலிருந்து காது வரைக்கும் தண்ணீர் ஓடியிருந்தது. கூரை டிவியில் எவனோ கோல் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தான். விசில் எழுந்து உட்கார்ந்தான், பஞ்சைத் துப்பினான், கழுத்தில் கட்டிய துண்டோடு அப்படியே வெளியே நடந்தான். பெஞ்சில் இருந்த நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் கொஞ்ச நேரத்தில் காணாமல் போனார்கள்.

திறந்த பல் திறந்தபடியே இருந்தது. ஒரு வாரத்துக்குள் சுத்தம் செய்து மூடாவிட்டால் சீழ் தாடைக்குப் போகும், பல்லைப் பிடுங்க வேண்டிவரும், அதற்கு மேலும் போகலாம். வேறு டாக்டரிடம் போயிருப்பானா? போக மாட்டான். என்னிடமே வரப் பயந்தவன். போன் செய்தால் எடுக்கவில்லை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று சாயங்காலமும் பெஞ்சு காலியாக இருந்தது. நான் உள்ளே ஒரு கருத்தைச் சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் காதைக் கொடுப்பேன். ஒன்றும் வராது. எதிர்த்துப் பேச ஆளில்லாத கருத்து எனக்கே சலித்தது. வெட்கமாகவும் இருந்தது, அதை மறைத்து என்ன பயன்.

வெள்ளிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணே. நாலு நாளா வெறும் பால்தான் குடிக்கறார். ராத்திரி தூக்கமில்ல. ஆஸ்பத்திரின்னு சொன்னாலே எழுந்து அந்த ரூமுக்குப் போயிடறார். நீங்களே கேளுங்க."

விசில் சோபாவில் தாடையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டிவியில் ஏதோ விவாதம் ஓடியது. கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நீ கையத் தூக்கின," என்றான், வாயைப் பாதிதான் திறந்து. "நான் பாத்தேன். திங்கக்கெழம நான் தூக்கினேன். மூணு தடவ. நீ பாக்கல."

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது கௌரவமான பொய்யாகவும் இருந்திருக்கும்.

"பாத்தேன்டா," என்றேன். "நீ எதிர்த்துப் பேசறன்னு நெனச்சேன்."

அவன் இப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் மனைவியும் பார்த்தாள்.

"அது அதைவிட மோசம்டா," என்றான்.

"மோசம்தான். தப்பு முழுக்க என்னோடது. நாப்பது வருஷப் பழக்கத்துல நான் செஞ்சதுலயே கேவலமான காரியம் அது. மன்னிச்சுக்கன்னு கேக்க வரல, பல்ல மூடணும்னு கேக்க வந்தேன். மன்னிக்கறத அப்புறம் பாத்துக்கலாம்."

விவாதத்தில் ஆறு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் ரிமோட்டை எடுத்து அணைத்தான்.

"ஒரு கண்டிஷன்," என்றான். "நான் வாயத் திறக்கறேன். நீ திறக்கக் கூடாது. ஒரு வார்த்த."

சனிக்கிழமை காலை முதல் ஆளாக வந்தான். மனைவி பெஞ்சில் காவல் உட்கார்ந்தாள். கூரை டிவியை அணைத்துவிட்டேன். இந்த முறை மரப்பு ஊசியை இரண்டு இடத்தில் போட்டு, கால் மணி நேரம் காத்திருந்து, ஊசி முனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, அவன் தலையாட்டிய பிறகுதான் தொடங்கினேன். எல்லாம் சைகையில்.

என் கிளினிக்கில் இத்தனை சத்தங்கள் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. குழாய் உறிஞ்சுகிற சத்தம். சுவர்க் கடிகாரம். சிஸ்டரின் செருப்பு. தெருவில் ஒரு பிரசார ஆட்டோ கத்திக்கொண்டு போனது, அதைப் பற்றி மட்டும் என்னிடம் மூன்று கருத்து இருந்தது. முழுங்கினேன். மாஸ்க்குக்குள் நாக்கைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். கண் பாதி பல்லிலும் பாதி அவன் இடது கையிலும்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். இடது கை மேலே வந்தது.

மெஷினை ஓட்டுகிற மிதியிலிருந்து காலை எடுத்தேன். மெஷின் நின்றது, குழாய் வெளியே வந்தது, பஞ்சு வெளியே வந்தது. எல்லாம் ஒரு நொடியில்.

"வலிக்குதா?" என்றேன். நிபந்தனையை மீறிய முதல் வார்த்தை அதுதான்.

"இல்ல," என்றான் மரத்த உதட்டோடு. "வலிக்கல."

"பின்ன?"

"நீ பேசாம இருந்தா ரொம்பப் பயமா இருக்குடா. ஏதாவது பேசித் தொல."

வாயை மறுபடி பெரிதாகத் திறந்துகொண்டான். நான் பஞ்சை வைத்தேன், குழாயை வைத்தேன், இரண்டு கையையும் உள்ளே விட்டேன். பேச வேண்டியதுதான் பாக்கி. படம், சீரியல், கட்சி, எதுவும் வரவில்லை. இருபத்தாறு வருடமாக மூடாத வாய், பேசு என்று ஒருத்தன் கேட்டபோது திறக்க மறுத்தது. மாஸ்க் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"கை மேலதான் இருந்துச்சு டாக்டர்," என்றார் சிஸ்டர்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். குழாயைப் பிடித்தபடி பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கை?"

"அந்த மேட்ச்சுல. முதலுதவிப் பெட்டியோட கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி நிக்கச் சொன்னீங்கல்ல. நேரா எனக்கு முன்னாடிதான். தோளுக்கு மேல இருந்துச்சு. பெனால்டிதான்."

விசிலின் வயிறு குலுங்கத் தொடங்கியது. வாயில் இத்தனையும் வைத்துக்கொண்டு ஒருத்தன் சிரித்து நான் பார்த்ததில்லை.

"பதினோரு வருஷமா ஏன் சிஸ்டர் சொல்லல?"

"நீங்க நிறுத்தினாத்தானே டாக்டர்," என்றார். "தண்ணி அடிக்கவா?"

கை ஒட்டித்தான் இருந்தது. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் என் இரண்டு கையும் விசிலின் வாய்க்குள் இருந்தன, இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே இடது கையைத் தூக்கியிருப்பேன்.