நாட்டுக்கோழியும் நாட்டுப்பாட்டும்

சர்ச் ஆண்டு விழாவில் பாடச் சொன்ன பிரிஜெட் அக்காவிடம் டெரிக் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்: "கன்ட்ரி மியூசிக்னே சொல்லுங்கக்கா. தமிழ்ல மாத்தாதீங்க."

"கன்ட்ரி சிக்கன்னா நாட்டுக்கோழிதானே?" என்று அப்போதே கேட்டவள், இப்போது மைக்கில், "அடுத்து நம்ம லிங்கராஜபுரம் டெரிக், நாட்டுப்புறப் பாட்டு!" என்று முழங்கிவிட்டாள்.

விசில் பறந்தது. டெரிக் தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான். அகன்ற தொப்பி, பூட்ஸ், கிதார், கழுத்தில் மவுத் ஆர்கன். இத்தனையும் பார்த்த பிறகுமா நாட்டுப்புறம்? வெஸ்டர்ன் படங்களைப் பார்த்துப் பார்த்து, நடையைக்கூட மாற்றிக்கொண்டவன் அவன்.

இரண்டு வரி பாடுவதற்குள் முன்வரிசையில் லாரன்ஸ் அங்கிள் எழுந்தார். "நாட்டுப்பாட்டுன்னாங்க, நீ இங்கிலீஷ்ல பாடுறியேப்பா!"

"இது நாட்டுப்பாட்டு இல்ல அங்கிள்! கவ்பாய் பாட்டு!" டெரிக் கத்தியதில் மைக் கீச்சிட்டது.

"கவ்பாய்னா யாரு?"

"அமெரிக்கால, குதிரை மேல ஏறிக்கிட்டு..." டெரிக் பல்லைக் கடித்தான். வேறு வழி தெரியவில்லை. "மாடு மேய்க்கிறவங்க அங்கிள்!"

அங்கிள் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? மாட்டுக்காரன் பாட்டாம்! அப்போ பிரிஜெட் சொன்னது சரிதானே? இதுக்கு எதுக்கு இந்தக் கத்து கத்துறான்? நீ சக்கத்தா, ஜோரா பாடு கண்ணா, நாங்க தாளம் போடறோம்."

மொத்தக் கூட்டமும் கைதட்டித் தாளம் போட்டது. பாழாய்ப்போன அந்தத் தாளம் அவன் பாட்டுக்கு கச்சிதமாகப் பொருந்தியதைத்தான் டெரிக்கால் பொறுக்கவே முடியவில்லை.