டால்ட்டி வீட்டுக் கங்கு

வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், அட்ராக்டா லில்லிஸ் மாதா கோயிலை ஒட்டிய பழைய பள்ளிக்கூட அறையைத் திறந்து உட்காருவாள். கடல் தாண்டிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் முன்னோரைத் தேடி வந்தால் பதிவேடு புரட்டிக் காட்டுவது அவள் வேலை. சம்பளம் கிடையாது. முப்பது வருஷம் தபால் ஆபீசில் இருந்தவளுக்கு அந்தக் கோயில் பங்கைச் சேர்ந்த ஊர்களில் உயிரோடிருப்பவர்கள் எல்லோரையும் தெரியும். ஓய்வுபெற்ற பிறகு செத்தவர்களையும் தெரிந்துகொண்டாள்.

வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை, ஆளுக்கொரு கதையோடு வருவார்கள். ஒருவருக்கும் சாதாரணத் தாத்தா வாய்த்ததில்லை. ஒன்று குறுநில மன்னர், இல்லையென்றால் போலீசை அடித்துவிட்டுக் கப்பலேறிய வீரர். "எல்லாரும் ராஜான்னா அந்தக் காலத்துல உருளைக்கிழங்கு தோண்டினது யாருண்ணே?" என்று வீட்டுக்கு வந்து அண்ணன் மாலக்கியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

தன் வீட்டுக் கதையை மட்டும் சிரிக்காமல் சொல்வாள். 1887இல் ஜமீன்தாரின் ஆட்கள் உத்தரக்கட்டையால் கதவை இடித்து லில்லிஸ் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தினார்கள். கொள்ளுப்பாட்டி அழவில்லை. அடுப்பிலிருந்த கங்குகளை மூன்று கால் இரும்புப் பானையில் அள்ளிப் பக்கத்து வீட்டில் சேர்த்தாள். இரண்டு வருஷம் கழித்து வீடு திரும்பக் கிடைத்தபோது அதே தீயைக் கொண்டுவந்து அதே அடுப்பில் வைத்தாள். அன்றிலிருந்து அது அணைந்ததே இல்லை. ஊரெல்லாம் இரும்பு அடுப்புக்கு மாறியும் மாலக்கி மாறவில்லை. சதுப்பில் வெட்டிக் காயவைத்த டர்ஃப் என்ற எரிமண் கட்டிகளை அடுக்கி, இருட்டியதும் கங்கின்மேல் சாம்பல் மூடி, காலையில் கிளறி எடுப்பார். இடுக்கியை வேறு யாரும் தொடக் கூடாது, தங்கை உட்பட.

மே மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் எமெட் டால்ட்டி வந்தார். அமெரிக்காவில், மொன்டானாவின் செம்புச் சுரங்கத்தில் மின்சார வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, டாக்டர் முன்னால் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்தார்.

"ஊர் பேரு க்ளூனாஸ்கின்னு மட்டும்தான் தெரியும் மேடம். வீடு எதுன்னு தெரியாது. சனிக்கிழமை பிளேன். இடிஞ்சு கிடந்தாலும் பரவாயில்ல, ஒரு கல்லைத் தொட்டுட்டுப் போனாப் போதும்."

"க்ளூனாஸ்கியா? எங்க ஊருதான். ஆனா அங்க டால்ட்டின்னு யாரும் இருந்ததில்லையே," என்றாள் அட்ராக்டா.

"இருந்தாங்க. வெளியேத்திட்டாங்க. எங்க கொள்ளுப்பாட்டி ஹொனோரா, வெளிய தள்ளின அன்னிக்கு அடுப்புக் கங்கை ஒரு பானையில அள்ளிக்கிட்டுப் போயி பக்கத்து வீட்டுக்காரிகிட்ட குடுத்தாளாம். 'நான் வர்ற வரைக்கும் அணையாம பாத்துக்கோடி'ன்னாளாம். சாகுற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டிருந்தாளாம், 'என் நெருப்பு அங்க இருக்கு'ன்னு."

அட்ராக்டாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். யாரோ வழியில் கேட்ட கதையை இவர்கள் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று நினைத்தாள். காட்டிவிடலாம் என்று வேகமாக எழுந்துபோய் நில மதிப்பீட்டுப் பேரேட்டின் நகலை எடுத்துவந்தாள். குடியிருப்பவர் மாறினால் பழைய பெயரை அடித்து, அந்த வருஷத்து மையில் புதுப் பெயரை எழுதுவது அதன் வழக்கம். ஊராருக்காக நூறு முறை திறந்த புத்தகம். தன் வீட்டுப் பக்கத்தை மட்டும் அவள் திறந்ததே இல்லை. தெரிந்த கதைக்குச் சாட்சி எதற்கு?

பதினான்காம் எண் அட்ராக்டாவின் வீடு. அதில் டால்ட்டி என்று இருந்தது. நீல மையில் அடித்து, 1887. அதன்மேல் சிவப்பு மையில் லில்லிஸ், 1889. பதினைந்தாம் எண்ணில், ஓர் ஒற்றை அறைக் குடிசையில், முதலிலிருந்தே லில்லிஸ். அவர்களை யாரும் வெளியேற்றவே இல்லை. 1889இல் அந்தக் குடிசைக்கு நேரே "பாழ்" என்று எழுதியிருந்தது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

வெளியேற்றப்பட்டவன் நிலத்தைப் போய் எடுத்துக்கொண்டவனுக்கு அந்த ஊரில் நிலப்பிடுங்கி என்று பெயர். கோயிலில் அவன் பெஞ்சில் யாரும் உட்கார மாட்டார்கள். கொலைகாரனைக்கூட மன்னிப்பார்கள், அவனை மன்னிக்க மாட்டார்கள்.

"கிடைச்சுதா மேடம்?"

புத்தகத்தை மூடினாள். "கையெழுத்து சரியாப் புரியல. நாளைக்கு வாங்க," என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் சொன்ன முதல் பொய் அது.

மாலக்கி முற்றத்தில் டர்ஃப் அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் சைக்கிளைச் சுவரில் சாய்க்காமலே கேட்டாள்.

"டால்ட்டின்னா யாருண்ணே?"

அவர் கையிலிருந்த கட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். அது போதும், அவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா சாகுறப்போ சொன்னாரு," என்றார். "நாமதான் அந்தப் பக்கத்து வீடு. வேத்தூரான் எவனாவது வந்து உக்காந்துடுவான், அவங்க வர்ற வரைக்கும் நாம பாத்துக்குவோம்னுதான் தாத்தா எடுத்தாராம்."

"எல்லா நிலப்பிடுங்கியும் அதைத்தானேண்ணே சொல்லியிருப்பான்?"

"சொல்லியிருப்பான்." மாலக்கி கையைத் துடைத்துக்கொண்டார். "ஏழு வருஷம் கழிச்சு அவங்ககிட்டருந்து ஒரு கடுதாசி வந்துச்சாம், திரும்பி வரலாமான்னு கேட்டு. தாத்தா அதை நெருப்புல போட்டுட்டாரு. அந்த நெருப்புலயேதான்."

அட்ராக்டா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். சிறுவயது நினைவுக்கு வந்தது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் நாற்காலியில் முகம் புதைத்து முழங்காலிட்டு ஜெபமாலை சொல்வார்கள். வைக்கோல் இருக்கையின் வாசனை, முதுகில் படும் தீயின் சூடு, மாலக்கி காலால் சீண்டுவது, அம்மா கண்ணைத் திறக்காமலே அவன் தலையில் வைக்கும் குட்டு. கடைசியில் அப்பா இடுக்கியோடு குனிந்து சாம்பல் மூடும்போது ஒரு ஜெபம் கூடுதலாகச் சொல்வார்: அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்காக ஓர் அருள் நிறைந்த மரியே. எல்லா வீட்டிலும் யாராவது அமெரிக்காவில் இருந்தார்கள், அதனால் அவள் கேட்டதில்லை. பின்னாளில் வம்சாவளி எழுதியபோதுதான் லில்லிஸ் குடும்பத்தில் ஒருவர்கூட அமெரிக்கா போகவில்லை என்று கண்டாள். ஏதோ ஒரு கிளை விட்டுப்போயிருக்கிறது என்று வருஷக்கணக்கில் தேடினாள். அந்த இரவுகளைப்போல் அவளுக்குப் பிரியமானது வேறெதுவும் இல்லை. அதை இனி எப்படி நினைப்பது? எமெட் வந்ததையும் அவர் சனிக்கிழமை திரும்புவதையும் அண்ணனிடம் சொன்னாள்.

"சனிக்கிழமை பிளேன் ஏறிடுவான்," என்றார் மாலக்கி. "ஏதாவது ஒரு பாழடைஞ்ச சுவரைக் காட்டி அனுப்பு. பதினஞ்சாம் நம்பர் கல்லு அங்கதானே கிடக்கு. தொட்டுட்டுப் போகட்டும்."

"நம்ம வீட்டுக் கல்லைக் காட்டி அவன் வீடுன்னு சொல்லணுமா?"

"ஊரு காறித் துப்புமடி, அட்ராக்டா."

"துப்பட்டும். நூறு வருஷம் லேட்டா வந்த எச்சில், வாங்கிக்கலாம்."

மறுநாள் பள்ளிக்கூட அறையிலேயே எமெட்டுக்கு எல்லாவற்றையும் சொன்னாள், நீல மை, சிவப்பு மை, நெருப்பில் போட்ட கடிதம் உட்பட. அவர் தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "பாக்கலாமா?" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாலக்கி ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். வரவேற்கவா, தடுக்கவா என்று அவருக்கே தெரியாததுபோல் இருந்தது. எமெட் குனிந்து உள்ளே வந்தார், நேராகத் தீயைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கடுதாசிக்கு ஏன் பதில் போடல?"

"வெக்கம்," என்றார் மாலக்கி. "அதுக்கப்புறம் கதையை மாத்திச் சொல்லிப் பழகிட்டோம். பழகினா அதுவே நெஜமாயிடுதே." தீயைக் காட்டினார். "அணைய மட்டும் விடல. அது ஒண்ணுதான் ஒழுங்காச் செஞ்சோம்."

டீ ஆறிப்போயிற்று, யாரும் குடிக்கவில்லை. வெளிச்சம் மங்கியதும் மாலக்கி எழுந்து ஆணியில் தொங்கிய இடுக்கியை எடுத்தார். ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தார். பிறகு எமெட்டிடம் நீட்டினார்.

"எனக்குத் தெரியாதே," என்றார் எமெட்.

"நல்ல கங்கா மூணு எடுங்க. பக்கத்துல பக்கத்துல வைங்க. இப்ப மேல சாம்பலு. அவ்வளவு அள்ளிப் போடாதீங்க, மூச்சு முட்டிடும்."

சுரங்கத்தில் காய்ப்பேறிய அந்தக் கைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலைத் தூவி மூடின. மூவரும் நாற்காலிகளில் முகம் வைத்து முழங்காலிட்டார்கள். ஜெபமாலை முடிந்தது. பழக்கத்தில் அட்ராக்டா கூடுதல் ஜெபத்தைத் தொடங்கினாள்: "அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்காக..." நாக்கு நின்றுவிட்டது. பக்கத்து நாற்காலியில் அந்த ஆள் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

மாலக்கி தலையைத் தூக்காமல் சொன்னார்: "நூறு வருஷமா உங்களுக்கு நாங்க சொன்னோம். இன்னிக்கு எங்களுக்கு நீங்க ஒண்ணு சொல்லுங்க."

சாம்பலுக்குள் கங்கு ஒருமுறை வெடித்தது.

"இந்த வீட்டு லில்லிஸ்களுக்காக," என்றார் எமெட் கடைசியில். "அருள் நிறைந்த மரியே..."