இலகு வேலை

நகராட்சி குமாஸ்தா வருடக்கணக்காகப் பணிப் பதிவேட்டில் எழுதி வந்தது இதைத்தான்: குப்பை வண்டியில் போகும் ஆண்களுக்குக் 'கடின வேலை', பெண்களுக்கு 'இலகு வேலை'. போன வருடப் பதிவேட்டைப் பார்த்து அப்படியே எழுதுவது அலுவலக வழக்கம். சம்பளமும் அதன்படிதான்.

அவன் மனைவியும் அந்த வண்டியில் போனவள்தான். "ஏங்க, ஒரே தொட்டியைத்தான் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்குறோம். என் பக்கம் மட்டும் பஞ்சா அடைச்சிருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பொண்டாட்டிக்குச் சலுகை பண்றான்னு பேசுவாங்க. விடு" என்றான். விட்டுவிட்டாள். அவள் காய்ச்சலில் இறந்து ஏழு மாதமாகிறது.

இன்று சம ஊதிய வழக்கில் அவன் சாட்சி. "தம்பி, உள்ளதை உள்ளபடி சொல்லுப்பா, அது போதும்" என்றாள், மனைவியோடு வேலை பார்த்த அக்கா.

"இலகு வேலைன்னு எதை வச்சு எழுதினீங்க?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"பழைய பதிவேட்டை வச்சுத்தாங்க. தெருவுக்குப் போய் ஒருநாளும் பார்த்ததில்ல. ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதாங்க."

"பார்க்காம எப்படித் தெரியும்?"

"என் மனைவி சொன்னாங்க."

"அப்ப அவங்களையே வந்து சொல்லச் சொல்லுங்க. அவங்க சொல்லி நீங்க கேட்டதைச் சாட்சியா எழுதிக்க முடியாது."

பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள்.

"அந்தப் பொண்ணு இல்லைங்க ஐயா. நான் சொல்றேன்."

குமாஸ்தா நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றான்.