கூழனுக்கு வருக்கை என்று பேர்

காளியப்பனுக்கு வாய் நீளம். மற்ற விஷயங்களில் ஊருக்குள் எல்லோருக்கும் இருக்கிற அளவுதான். பலாப்பழம் என்று வந்துவிட்டால் மட்டும் கங்காணியாவது கிராணியாவது, எவன் முகத்துக்கும் அஞ்சமாட்டான். "இது பழமா? கொண்டுபோயி மாட்டுக்குப் போடு" என்று வீட்டுக்காரன் கண்ணெதிரிலேயே சொல்லிவிட்டு வந்துவிடுவான்.

மலாயாவில் குளுவாங்குக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. கூலிக்காரர் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் சாக்கடையை ஒட்டி அவன் ஐந்து பலாமரங்கள் வளர்த்திருந்தான். ஐந்தும் ஒரே பழத்துக் கொட்டைகள்தாம். ஆனால் பலாக்கொட்டை இருக்கிறதே, அது தாயைப் போல வந்தே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒன்று மட்டும் அசல் வருக்கையாக வந்தது. கடித்தால் சுளை மொறுக்கென்று உடையும், கையில் ஒட்டாது. இரண்டு கூழனாகப் போயின. கூழன் சுளையை வாயில் போட்டால் மெல்லவே வேண்டாம், வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் தானாக இறங்கிவிடும். நாலாவதில் சுளையைவிட நார்தான் அதிகம். ஐந்தாவது இரண்டுங்கெட்டான். கூழனிலும் நல்ல இனிப்பு உண்டு, ஆசையாகத் தின்கிறவர்களும் உண்டு. காளியப்பன்தான் அதைப் பழக்கணக்கிலேயே சேர்க்கமாட்டான்.

முள் படுத்து அகன்றிருக்கிறதா என்று பார்ப்பான். காம்பை மோந்து பார்ப்பான். விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் காது கொடுப்பான். வெட்டாமலே சொல்லிவிடுவான். லயத்தில் எந்த வீட்டில் பழம் வெட்டினாலும் முதல் சுளை அவனுக்கு வந்துவிடும். அதில் அவனுக்கு இருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனான், ஜப்பான்காரன் வந்தான். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. பிஞ்சைக் குழம்பு வைத்து, பழத்தைத் தின்று, கொட்டையை அவித்து, லயமே பலாமரத்தைக் கட்டிக்கொண்டு உயிரோடு இருந்தது. பசியைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாதது சயாம். அங்கே ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று லாரி வரும். ஏறிப்போனவன் ஒருத்தனும் திரும்பவில்லை, ஒரு சேதியும் இல்லை. இந்தத் தோட்டத்திலிருந்து யாரை ஏற்றுவது என்று சொல்கிறவர் ஆபீசுக் கணக்கெழுதும் கிராணி சபாபதி. காளியப்பனுக்கும் அவன் பெண்சாதி அங்கம்மாவுக்கும் இருந்தது ஒரே மகன், சின்னத்தம்பி. பத்தொன்பது வயது, கல்லைப்போல உடம்பு. அடுத்த லாரிக்கு அவன்தான் என்று லயத்தில் பேச்சு அடிபட்டது.

இந்த நேரத்தில்தான் மேலேயிருந்து புது உத்தரவு வந்தது. வீட்டுக் கொல்லையில் விளைந்ததில் தோட்டந்தோறும் ஒன்றைச் சிறந்ததென்று பொறுக்கிக் குளுவாங்குக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டுமாம். இந்தத் தோட்டத்திலிருந்து பலாப்பழம். கிராணி காலையில் ஆள் எண்ணும் பெரட்டு முடிந்ததும் அங்கம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஜப்பான் ஆபீசர் வர்றாரு. ஒன் புருசன்தான் பழத்தப் பாத்துச் சொல்லணும், அவன் சொன்னாத்தான் ஆளுங்க ஒத்துக்குவாங்க. எங்க வீட்டுப் பழம் மொதலா வந்துச்சுன்னா ஒம் மகனுக்குச் சயாம் இல்ல. வெளங்குதா?"

அங்கம்மா ஓடோடி வந்து புருஷனிடம் சொன்னாள். அவன் முகம் கோணிப்போயிற்று.

"அது கூழன் புள்ள. அதுலயும் தண்ணிக் கூழன்."

"கூழனோ கெழவனோ, வருக்கைன்னு சொல்லுங்க. நம்ம புள்ளைக்காக ஒரே ஒரு வார்த்த."

"லயமே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே! சிரிச்சா செத்தா போயிருவோம்?"

வாசலில் பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த சின்னத்தம்பிதான் சிரித்தான். "எங்கப்பா வாயில கூழன் வருக்கையாவுறதப் பாக்கவாச்சும் நான் இங்க இருக்கணும்மா." அதைக் கேட்டுக் காளியப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சொல்லித் தொலைக்கிறேன், போ" என்றான்.

மறுநாள் ஆபீசு வாசலில் பழங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். காளியப்பனின் வருக்கையும் இருந்தது, பக்கத்து வீட்டு அய்யாவுவின் பழமும் இருந்தது. பழம் ஏற்றிப்போக வந்த லாரி ஓரமாக நின்றது. ஆபீசர் நாற்காலியில் கத்தியைக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் மலாய் பேசுவான். கிராணி பக்கத்தில் நின்று தமிழை மலாயாக்கிக் கொடுத்தார்.

காளியப்பன் கையில் செம்பனை எண்ணெயைத் தடவிக்கொண்டு ஒவ்வொன்றாக வெட்டினான். தன் பழத்தை வெட்டியபோது சுளை மஞ்சளாக விறைத்து நின்றது. அதைப் பார்க்காதவன் மாதிரி நகர்ந்தான். கிராணி வீட்டுப் பழத்தில் கத்தியை வைத்ததுமே கூழ் முழங்கை வரைக்கும் வழிந்தது. சுற்றி நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

"இதுதான் மொதப் பழம்," என்றான். "அசல் வருக்கை."

அய்யாவு கையைத் தட்டிக்கொண்டு கத்தினான். "அலமாக்! காளியப்பா, இது வருக்கைன்னா ஒன் வீட்டு மரமெல்லாம் என்ன, வெறகா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆபீசருக்கு வருக்கையும் தெரியாது, கூழனும் தெரியாது. வாயில் போட்டான், இனித்தது, தலையை ஆட்டினான். கிராணிக்கு வாயெல்லாம் பல். பின்வரிசையில் அங்கம்மா நெஞ்சில் கை வைத்து மூச்சுவிட்டாள். காரியம் முடிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு காளியப்பன் ஓரமாகப் போய் நின்றிருக்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

பாழாய்ப்போன மனுஷனுக்கு அது முடியவில்லை. 'விறகு' என்ற அந்த ஒரு சொல் அவனைப் போட்டுப் பிடுங்கியது. தன் மரத்தைத் தானே மட்டம் தட்டியாகிவிட்டது, அதற்குப் பதிலாக ஏதாவது ஒரு பெருமையாவது தன் வீட்டுக்கு மிஞ்ச வேண்டாமா?

"யாருடா சிரிக்கிறது?" என்று திரும்பினான். "கிராணி ஐயா வீட்டு மரம் எங்க வருக்கையோட கொட்டைடா! நட்டது யாரு? எம் மகன்! கிராணியம்மாவே கூப்பிட்டு அவங் கையால நடச் சொன்னாங்க. அவனோட கைராசி அப்பிடி. பட்ட குச்சிய ஊனுனாக்கூடத் தழைக்கும்!"

அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. லயத்தில் முருங்கைக் கொம்பு ஊன்றினாலும் வாழைக்கன்று வைத்தாலும், சின்னத்தம்பியைக் கூப்பிட்டு முதல் கை வைக்கச் சொல்வது வழக்கம்தான். கூட்டத்தில் இரண்டு பேர் "ஆமா, ஆமா" என்றுகூடச் சொன்னார்கள். காளியப்பனுக்கு உள்ளம் குளிர்ந்தது.

அவன் என்ன கத்துகிறான் என்று ஆபீசர் கேட்டான். கிராணி நல்ல குஷியில் இருந்தார், மனதில் ஒரு வஞ்சகமும் இல்லை. கைராசிக்கு மலாய்க்காரர்களிடம் தோதாக ஒரு சொல் இருக்கிறது. "தாங்ஙான் செஜுக்" என்றார். குளிர்ந்த கை. எதை நட்டாலும் பிழைக்க வைக்கிற கை என்று விளக்கமும் கொடுத்தார்.

அதுவரை பழத்திலேயே கவனமாக இருந்த ஆபீசர் நிமிர்ந்து உட்கார்ந்தான். சின்னத்தம்பியை முன்னால் வரச்சொல்லி, இரண்டு கையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். மலாயில் ஏதோ சொன்னான். கிராணியின் முகம் செத்துப்போயிற்று.

"காளியப்பா... சயாம் கேம்புல காய்கறி போட ஆளு தேடுறாங்களாம். அங்க சோறில்லாம ஆளுங்க விழுறாங்களாம். இந்தக் கை வேணும்கிறாரு. இந்த லாரியிலேயே."

காளியப்பன் தடாலென்று மண்ணில் விழுந்தான்.

"ஐயா, பொய்யிங்கய்யா! அது வருக்கை இல்ல, கூழன்! கைராசியுமில்ல, ஒரு மண்ணுமில்ல. எல்லாம் நான் சொன்ன பொய்யி. அவருகிட்டச் சொல்லுங்கய்யா!"

கிராணி வேறு பக்கம் பார்த்தார். கூழனை வருக்கையென்று சொல்லவைத்தது யார் என்ற கேள்வி அடுத்து வருமே. அவருக்கும் உயிர்ப்பயம் உண்டு. காளியப்பன் சொன்னதை மட்டும் அவர் மலாயாக்கவில்லை.

காளியப்பனே தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கதறினான். "நங்கா தா பாகுஸ், துவான்! தா பாகுஸ்!" பலா நல்லதில்லை, நல்லதில்லை என்று தலையில் அடித்துக்கொண்டான். ஆபீசர் இன்னொரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தான். குடியானவன் அடக்கமாகப் பேசுகிறான் என்று நினைத்தானோ என்னவோ, குனிந்து தோளைத் தட்டிக்கொடுத்தான்.

சின்னத்தம்பியைப் பழத்தோடு பழமாக ஏற்றினார்கள். ஏறும்போது அவன் அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தான். "அழாதம்மா" என்றான். அங்கம்மா லாரியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சதூரம் ஓடினாள், கை நழுவியதும் நின்றுவிட்டாள்.

கூட்டம் கலைந்தது. அய்யாவுகூட வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டான். காளியப்பன் விழுந்த இடத்திலேயே கிடந்தான். அங்கம்மா திரும்பி வந்து அவன் முன்னால் நின்றாள். வைவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் அவனை வையவில்லை.

"புள்ளைக்காகப் பொய் சொன்னீங்க, அதுக்கு ஒங்களக் கும்புடுறேன்," என்றாள். "அதோட நிறுத்தியிருக்கக் கூடாதா?"