கை காட்டியவர்

பெருமாள்மலைக்கு மூன்று வளைவு இருக்கும்போது யு.கே.ஜி. பையன் வாந்தி எடுத்தான். எடுப்பான் என்று செல்லப்பாண்டிக்குத் தெரியும். மதியம் எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்த நாளெல்லாம் எடுப்பான். கொடைக்கானல் மலைப்பாதையில் இருபத்தோரு வருஷம் வண்டி ஓட்டியவருக்கு இதுகூடத் தெரியாதா? முதல் பன்னிரண்டு வருஷம் பூண்டியிலிருந்து வெள்ளைப்பூண்டும் கேரட்டும் ஏற்றிய லாரி. அப்புறம் இந்தப் பள்ளிக்கூட பஸ். காய்கறி மூட்டை வாந்தி எடுக்காது, அம்புட்டுத்தான் வித்தியாசம் என்று மனைவி மகாதேவியிடம் சொல்லுவார்.

பஸ்ஸின் ஆயாம்மா முருகேஸ்வரி ஒரு கையால் பையனின் நெற்றியைத் தாங்கி, மறு கையால் பிளாஸ்டிக் கவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பஸ் நிறைய சாம்பல் நிறம். சாம்பல் பாவாடை, சாம்பல் கால்சட்டை, சாம்பல் ஸ்வெட்டர். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான்கு பேர், மடியில் பை, பையின் மேல் தலை. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குப் பிள்ளைகளுக்கும் அலுத்துப் போயிருந்தது; செல்லப்பாண்டிக்கு அதைவிட. கிளட்ச் மிதிக்கிற முழங்கால் காலையிலிருந்தே விண்ணென்று வலித்தது. போதாக்குறைக்கு மேகம் வேறு இறங்கி ரோட்டில் படுத்துக் கிடந்தது.

அடுத்த நிறுத்தம் நதியாவுடையது. எட்டு வயது. ஜூன் மாதம்தான் அம்மா சௌம்யாவோடு அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு அங்கே வேலை போய்விட்டது. இன்னொரு வேலை கிடைக்குமா என்று அவர் மட்டும் தங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரர் யூனிஃபார்ம் கொடுக்கிறவரை முதல் வாரம் ஒரு செக்கச்செவேல் கோட்டோடு வந்தாள். எந்த சீட்டில் இருந்தாலும் கண்ணாடியில் பளிச்சென்று தெரிவாள். யூனிஃபார்ம் போட்ட நாளிலிருந்து ஐம்பது பேரில் ஒருத்தியாகிவிட்டாள்.

ஒரே ஒரு பழக்கம் மட்டும் அவளிடம் தனியாக இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் மற்ற பிள்ளைகள் மாதிரி ஓட மாட்டாள். வண்டிக்கு முன்னால் பத்தடி நடந்து போய், திரும்பி, கண்ணாடி வழியாகச் செல்லப்பாண்டியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். டாட்டா எதிர்பார்க்கிறாள் போல என்று அவர் கையை ஆட்டுவார். உடனே ரோட்டைத் தாண்டுவாள், முருகேஸ்வரி கூடவே போவாள். மரியாதை தெரிந்த பிள்ளை என்று அவர் நினைத்துக்கொண்டார். ரெண்டு மாதமாக இதே கதைதான்.

பஸ்ஸை ஓரம்கட்டினார். நதியா பையை மாட்டிக்கொண்டு படியில் நின்றாள். முருகேஸ்வரி எழுந்திருக்கப் பார்த்தாள், பையன் மறுபடி குமட்டினான்.

"நீ எறங்காத. அவனப் புடி, சீட்டெல்லாம் நாறிப் போகும். அந்தப் புள்ள தானாப் போயிக்கிரும்" என்றார் செல்லப்பாண்டி.

"ரோட்டுல வண்டி வருதாண்ணே?"

"நான் பாத்துக்கிறேன்."

பின்னால் ஒரு டூரிஸ்ட் வேன் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. சனியனே, போய்த் தொலை. எதிரே வண்டி எதுவும் இல்லை என்று பார்த்தார். வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, போ போ என்று இரண்டு தடவை ஆட்டினார். மலைப்பாதையில் ஒரு நாளைக்கு நூறு தடவை ஆட்டுகிற கை. யோசித்து ஆட்டுவதில்லை.

வேன் ஏறிக் கடந்தது. சாம்பலாக ஏதோ ஒன்று அதன் குறுக்கே நகர்ந்தது. பிரேக் சத்தம். அப்புறம் பஸ்ஸுக்குள் ஐம்பது பிள்ளைகளும் சேர்ந்து மூச்சை இழுத்த சத்தம்.

வேன் வேகமெடுத்திருக்கவில்லை. அதனால் நதியா உயிர் தப்பினாள். இடது முழங்கை எலும்பில் முறிவு, நெற்றியில் நாலு தையல். "மேகத்தோட மேகமா இருந்துச்சுங்க, புள்ளன்னே தெரியல" என்று வேன் டிரைவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை பள்ளித் தாளாளர் குமரகுருவின் அறை. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் ராத்திரி முழுக்க அவர் பதில் எழுதியிருக்க வேண்டும், கண் சிவந்திருந்தது.

"பாண்டி, அந்தப் பொண்ணு 'டிரைவர் அங்கிள் போகச் சொன்னாங்க'ன்னு சொல்லுது. நீங்க சொன்னீங்களா?"

"நான் வாயே தொறக்கலீங்க சார்." அது நிஜம்தான். அவருக்குத் தெரிந்த நிஜம்.

"அடிபட்ட பயத்துல உளறியிருக்கும். சரி, விடுங்க." குமரகுரு முருகேஸ்வரி பக்கம் திரும்பினார். "நீ ஏம்மா கூட எறங்கல? ஒன்ன பஸ்ஸுல எதுக்கு வச்சிருக்கு, வேடிக்கை பாக்கவா?"

"ஒரு பையன் வாந்தி எடுத்துக்கிட்டிருந்தான் சார்."

"வாந்தி எடுத்தா உசுரு போயிருமா?"

முருகேஸ்வரி தலையை லேசாகத் திருப்பிச் செல்லப்பாண்டியைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. நான்தான் இறங்க வேண்டாம் என்றேன் சார்: அவ்வளவுதான் வாக்கியம். செல்லப்பாண்டி அதைத் தொண்டைவரை கொண்டுவந்தார். ஐம்பத்தாறு வயது, இந்த முழங்காலோடு எந்த லாரி செட்டில் போய் நிற்பது, பிள்ளையை அடிபட விட்ட டிரைவர் என்று பெயர் வந்தால் யார் சாவி கொடுப்பார்கள் என்று ஒன்றன் பின் ஒன்றாக நினைப்பு வந்து முட்டியது. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அதில் வெள்ளிக்கிழமை என்று போட்டிருந்தது.

"திங்கக்கிழமை வந்து யூனிஃபார்ம் சேலையெல்லாம் ஒப்படைச்சிட்டு, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரு" என்றார் குமரகுரு. குரூப்பில் அனுப்ப அவருக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிஸ்கட் பாக்கெட்டோடு செல்லப்பாண்டி நதியாவின் வீட்டுக்கு ஏறினார். ரோட்டுக்கு மேலே நாற்பது படி. பதினைந்தாவது படியிலேயே முழங்கால் நின்றுவிட்டது. சௌம்யா வாசலில் உட்கார்ந்து சாம்பல் ஸ்வெட்டரின் கையைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட வெட்டிவிட்டார்களாம்.

"வாங்கண்ணே, உக்காருங்க. பயப்படாதீங்க, நான் யார் மேலயும் கம்ப்ளெய்ன்ட் குடுக்கல. தப்பு என்னோடதுதான். நான்தான் அவளுக்குச் சொல்லியிருக்கணும்."

"நீங்க என்ன தாயி தப்பு பண்ணீங்க?"

"அங்க ஸ்கூல் பஸ் நின்னா, சைடுலருந்து செவப்பா ஒரு போர்டு வெளிய நீளும்ணே. ஸ்டாப்னு எழுதியிருக்கும், லைட்டு மின்னும். பின்னால வர்ற காரு, எதிர்ல வர்ற காரு, எல்லாம் அப்படியே நின்னுரும். பிள்ளைங்க தாண்டி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் அசைய மாட்டாங்க."

"ஹாரன் அடிக்க மாட்டானா?"

"மாட்டாங்கண்ணே."

செல்லப்பாண்டி கீழே ரோட்டைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறாத குறையாகப் போய்க்கொண்டிருந்தன. நம்புகிற மாதிரி இல்லை.

"அங்க ஆயாம்மா யாரு எறக்கி விடுவா?"

"ஆயாம்மாவே கெடையாது. டிரைவர்தான் எல்லாம். பிள்ளை இறங்கி வண்டிக்கு முன்னால பத்தடி தள்ளி நிக்கணும், டிரைவர் மூஞ்சியப் பாக்கணும். அவர் கை காட்டினாத்தான் தாண்டணும். கிண்டர்கார்டன்லருந்து அதான் பாடம். யூனிஃபார்ம் கெடையாது, இஷ்டத்துக்குக் கலர் கலராப் போட்டுட்டுப் போவா. இங்க வந்து டை கட்டுன்னா அழுகை, ரிப்பன் கட்டுன்னா அழுகை. மொத நாள் உங்க பஸ்ஸப் பாத்ததும்தான் அழுகைய நிறுத்தினா. 'அம்மா, எல்லோ பஸ், நம்ம பஸ் மாதிரியே இருக்கு'ன்னா. இந்த ஊர்ல அவளுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதாண்ணே."

சௌம்யா பல்லால் நூலைக் கடித்து அறுத்து, மறுபடி ஊசியில் கோத்தாள். செல்லப்பாண்டி கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. பத்தடி நடந்து, திரும்பி, கண்ணாடி வழியாகப் பார்த்து நிற்கிற பிள்ளை. தினமும். அவர் டாட்டா என்று நினைத்துக் கையை ஆட்ட ஆட்ட, அவள் பாடம் சரியாக இருக்கிறது என்று நினைத்துத் தாண்டியிருக்கிறாள். வியாழக்கிழமையும் நின்றிருக்கிறாள். வேனைப் பார்த்துக்கொண்டிருந்த அவர்தான் அவளைப் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து நதியா வந்தாள். மாவுக்கட்டில் யாரோ பூ வரைந்திருந்தார்கள்.

"அங்கிள், நான் வெயிட் பண்ணேன். நீங்க ஹேண்ட் காட்டினதுக்கு அப்புறம்தான் போனேன். ஸ்கூல்ல நான் உளர்றேன்னு சொல்றாங்களாம். நான் ரூல் ஃபாலோ பண்ணேன்தானே?"

"நதி, சும்மா இரு. அங்கிளுக்கு அதெல்லாம் தெரியாது" என்றாள் சௌம்யா.

அந்தப் பேச்சின் சந்து வழியாகத் தப்பித்துவிடலாம். பிள்ளையின் அம்மாவே திறந்துவிடுகிறாள். செல்லப்பாண்டி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ உளறல பாப்பா. கை காட்டுனேன்" என்றார்.

சௌம்யாவின் ஊசி நின்றது. படியிறங்கும்போது முதுகில் இரண்டு பேரின் பார்வையும் கூடவே வந்தது.

திங்கட்கிழமை காலை ட்ரிப்பைத் தனியாகத்தான் ஓட்டினார். குமரகுரு திண்டுக்கல் போயிருந்ததால் மூன்று மணிக்கு அவர் திரும்பி வரும்வரை முருகேஸ்வரி ஆபீஸ் வாசல் பெஞ்சில் காத்திருந்தாள். துவைத்து மடித்த இரண்டு நீலச் சேலைகள் மடியில் ஒரு துணிக்கடைப் பையில் இருந்தன. அவளே ஒரு பூப்போட்ட சேலையில் இருந்தாள். ஒன்பது வருஷத்தில் அந்தக் கோலத்தில் அவளைப் பார்த்த ஞாபகமே செல்லப்பாண்டிக்கு இல்லை.

"முருகேஸ்வரி, வேனுக்குக் கை காட்டுனேன்ல, அதப் பாத்துட்டுத்தேன் அந்தப் புள்ள தாண்டிருச்சு. அமெரிக்காவுல அப்புடித்தேன் பழக்கமாம். தப்பு என் மேலதேன்" என்றார்.

"அமெரிக்காவெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. 'நீ எறங்காத'ன்னு சொன்னீக, அது தெரியும். வெள்ளிக்கெழம அதுக்குத்தேன் ஒங்க மொகத்தப் பாத்தேன். நீங்க காலண்டரப் பாத்துக்கிட்டு நின்னீக."

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

"நாஞ் சொன்னா, தப்பிக்கிறதுக்கு டிரைவர் மேல பழியப் போடுறான்னு ஆகும். நீங்க சொன்னாத்தேன் சொன்னது." பையின் வாயைச் சுருட்டிக்கொண்டாள். "இப்ப என்ன, வெரசா உள்ள போயி இதக் குடுத்துட்டு எனக்கு வேற சோலி கெடக்கு."

அவளுக்கு முன்னால் செல்லப்பாண்டி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நின்றபடியே சொன்னார். இறங்க வேண்டாம் என்றதை, வேனுக்குக் கை காட்டியதை, பிள்ளை உளறவில்லை என்பதை. குமரகுரு முழுதும் கேட்டார். கேட்டு முடித்து, எழுந்து போய், கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"புள்ளகிட்ட. அதோட அம்மாகிட்ட. முருகேஸ்வரிகிட்ட."

"பாண்டி, ஆயாம்மா தப்புன்னா இது நம்ம காம்பவுண்டுக்குள்ள முடிஞ்சிரும். டிரைவர் தப்புன்னா போலீஸ், ஆர்.டி.ஓ.ன்னு இழுத்துக்கிட்டுப் போகும். நாலு பஸ்ஸும் நிக்கும். ஒங்களுக்கும் லைசென்ஸ் போகும். குரூப்புல நான் எழுதியாச்சு. எல்லாரும் ஓகேன்னு போட்டாச்சு. நீங்க நல்ல மனுசன், போயி வண்டிய எடுங்க. பெல் அடிக்கப் போகுது."

"அவ பாவம் சார்."

"நான் இல்லேங்கலையே. அந்தச் சேலைய வாங்கி வச்சிட்டு அவள அனுப்பி விடச் சொல்லி ஆபீஸ்ல சொல்லுங்க."

மூன்றே முக்காலுக்குப் பிள்ளைகள் ஏறினார்கள். டை அவிழ்ந்து, ரிப்பன் தொங்கி, ஷூவில் சேறோடு. கதவடியில் நின்று சரிபார்க்க ஆள் இல்லை. செல்லப்பாண்டி வண்டியைக் கிளப்பிக் கேட்டைத் தாண்டி ரோட்டோரம் நிறுத்தினார். முருகேஸ்வரி வெறுங்கையோடு நடைபாதையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக வந்துகொண்டிருந்தாள். அவர் கதவைத் திறந்து வைத்தார். திறந்த கதவுக்கு நேரே வந்ததும் அவள் நடை நின்றது.

ஜன்னலோரப் பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். நீலச் சேலை இல்லாமல் அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. யு.கே.ஜி. பையன்தான் கம்பியில் மூக்கை வைத்து வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆயாம்மா, நீங்க ஏன் கலர் டிரஸ்?" என்றான்.

மாடி ஜன்னலில் குமரகுருவின் சட்டை தெரிந்தது. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. முருகேஸ்வரி படியைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள், செல்லப்பாண்டியைப் பார்த்தாள். வா என்று ஒரு தடவை கையை அசைத்தால் போதும். அவர் அசைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீரிங்கின் மேல் கனத்துக் கிடந்தன. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. திறந்த கதவு வழியே மேகம் பஸ்ஸுக்குள் ஏறி, முதல் சீட்டுப் பிள்ளைகளின் முழங்காலை மூடியது.